பாக் விரிகுடா: கடற்பசுவின் வாழ்விடமும் மீனவர் பொதுநீர் மரபும்

ஆய்வுச்சுருக்கம்

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு 2022 செப்டம்பரில் இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அக்கரையைக் காணச் செல்வோர்க்கு அது அலையற்ற அழகிய கடலாகத் தோன்றுகிறது. அங்கு வாழும் மீனவர்க்கோ அது விதிகளாலும் முறைகளாலும் ஆளப்படும் பொதுநீர். விரிகுடாவின் நீரியல்பு, கடற்புல், படகு, வலை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. அதன்வழி, கடற்பசுவைக் காப்பதில் நேரடிப் பங்குடைய மீனவர்க்குச் சட்டம் அமைத்த மேலாண்மைக் குழுவில் உள்ள இடம் எது என்பதை உத்திரமேரூர் ஏரி வாரியம், வேடந்தாங்கல் ஆகியவற்றோடு ஒப்பிட்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பாக் விரிகுடா, ஆவுளியா, கடற்புல், வத்தை, நெய்தல், ஏரி வாரியம், பொதுநீர்

முன்னுரை

கட்டுரையாளரின் ஊர் காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கம். ஏரிப்பாசன ஊரில் பிறந்தவர்க்கு நீர் என்பது கரையும் மதகும் கலங்கலும் உடையது. யார் எப்போது திறப்பது, யார் அடைப்பது என்னும் முறை அதற்கு உண்டு. கடலை அவ்வாறு எண்ணும் வழக்கம் எம்மிடம் இல்லை. மாமல்லபுரத்துக் கடலைக் கண்டு திரும்பும்போது அது எல்லையற்றது, எவர்க்கும் உரியதன்று என்னும் எண்ணமே எஞ்சும். நெய்தல் திணை குறித்து முனைவர்ப் பட்ட ஆய்வை மேற்கொண்டபோதும் இவ்வெண்ணம் மாறவில்லை. இரங்கலுக்குரிய மணற்பரப்பாகவும் பின்னணியாகவும் கடலைப் படித்துப் பழகிய கண்ணுக்கு அதில் வேறொன்றும் தெரியவில்லை.

இவ்வெண்ணம் கலைந்த இடம் தஞ்சாவூர் மாவட்டத்து மனோரா. இரண்டாம் சரபோசி மன்னர் 1814ஆம் ஆண்டளவில், நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகக் கட்டிய எட்டடுக்குக் கோபுரம் அது. ஐரோப்பியப் போர் ஒன்றின் நினைவுச்சின்னம் சேதுபாவாசத்திரத்திற்கு அருகில் நிற்பது வியப்புக்குரியதே. எனினும் அங்குச் செல்வோர் கோபுரத்தைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது அதன்முன் கிடக்கும் கடலை. அங்கு அலையோசை இல்லை. நெடுந்தொலைவு நடந்தாலும் நீர் முழங்காலளவைத் தாண்டுவதில்லை. மாமல்லபுரத்துக் கடலும் இதுவும் ஒரே மாநிலத்தின் ஒரே கீழைக்கரையைச் சேர்ந்தவை என்பதை ஏற்கச் சிறிது நேரம் பிடிக்கிறது. இந்த வேறுபாட்டிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

அலை குறைந்த நீர்

கோடியக்கரை முனையிலிருந்து இராமேசுவரம் வரை உட்புறமாக வளைந்து, மறுகரையில் யாழ்ப்பாணமும் மன்னாரும் அமைய நடுவில் கிடக்கும் நீர்ப்பரப்பே பாக் விரிகுடா. 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த இராபர்ட் பாக் என்பவரின் பெயர் வரைபடத்தின் வழியாக இதற்கு வந்தது. இவ்விரிகுடாவின் பெரும்பகுதியில் ஆழம் 10 மீட்டரை ஒட்டியே அமைகிறது. தெற்கே சேது மணல்திட்டுகளும் இராமேசுவரத் தீவும் மன்னார் வளைகுடாவின் அலைகளைத் தடுக்கின்றன. கிழக்கே இலங்கை நிற்கிறது. ஆழ்கடலில் எழும் பேரலை கரையை அடையும் வழி வடக்கே பாக் நீரிணை ஒன்றுதான்.

இராமேசுவரம் பகுதியில் இந்நீரைப் ‘பெண்கடல்’ என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ‘ஆண்கடல்’ என்றும் கூறுவர். சுற்றுலா எழுத்துகளில் இவ்விரு சொற்களும் இப்போது அடிக்கடி இடம்பெறுகின்றன. ஆனால் அவற்றின் பொருள் பாதியே சொல்லப்படுகிறது. பெண்கடல் எப்போதும் அமைதியாக இருப்பதில்லை. வாடை வீசும் மாதங்களில், அதாவது வடகிழக்குப் பருவத்தில், பாக் விரிகுடா கொந்தளிக்கும். அக்காலத்தில் தெற்குக் கடல் தணிந்திருக்கும். கச்சானும் சோழகமும் வீசும் தென்மேற்குப் பருவத்தில் நிலைமை தலைகீழாகும். எனவே இராமேசுவரம், பாம்பன் பகுதி மீனவர் பருவத்திற்கேற்ப வடகடலுக்கும் தென்கடலுக்கும் மாறிமாறித் தொழில் செய்கின்றனர். இப்பெயர்கள் காற்றோடு மாறும் தொழிற்கணக்கின் பகுதிகள். வாடை, கச்சான், சோழகம், கொண்டல் என்னும் காற்றுப் பெயர்களை யாழ்ப்பாணக் கரையிலும் கேட்கலாம். எல்லைக் கோட்டை 1974, 1976ஆம் ஆண்டு உடன்பாடுகள் வரைந்தன. காற்றின் பெயர்கள் இருகரைக்கும் பொதுவாகவே நின்றன.

புல்வெளியும் ஆவுளியாவும்

ஆழமற்ற, தெளிந்த, அலை குறைந்த நீரில் வெயில் அடித்தரை வரை எட்டும். அங்குக் கடற்புல் வளர்கிறது. கடற்புல்லையும் கடற்பாசியையும் ஒன்றாகக் கருதும் பிழை நம் துறைசார் கட்டுரைகளிலும் காணப்படுகிறது. பாசிக்கு வேர் இல்லை, பூ இல்லை. கடற்புல் நிலத்துத் தாவரங்களைப் போல வேரும் தண்டும் இலையும் உடையது. நீருக்கடியிலேயே பூத்துக் காய்ப்பது. சைமோடோசியா, ஹாலோடூல், ஹேலோஃபிலா, சிரிங்கோடியம் முதலிய பேரினங்கள் இவ்விரிகுடாவில் உள்ளன. அதன் வேர்த்தொகுதி சேற்றைப் பிடித்து நிறுத்துவதால் நீர் மேலும் தெளிகிறது. தெளிந்த நீர் புல்லை மேலும் வளர்க்கிறது. ஓரிடத்தில் புல் பெயர்க்கப்பட்டால் இச்சுழற்சி எதிர்த்திசையில் ஓடும். சேறு கலங்கி, ஒளி குறைந்து, எஞ்சிய புல்லும் மெலியும்.

இறால் குஞ்சும் நீலக்கால் நண்டும் ஓரா மீனும் இப்புல்லிடையே வளர்கின்றன. இப்புல்லை மேய்ந்தே வாழும் பாலூட்டி ஆவுளியா. நூல்வழக்கில் கடற்பசு. மூன்று மீட்டர் வரை நீளமும் 400 கிலோகிராம் அளவிலான எடையும் கொண்ட இவ்விலங்கு ஏறத்தாழ 70 ஆண்டுகள் வாழக்கூடியது. ஆனால் அதன் இனப்பெருக்கம் மிக மெதுவானது. கருக்காலம் ஓராண்டுக்கும் மேல். ஓர் ஈற்றுக்கு ஒரு கன்று. ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடையே மூன்று முதல் ஏழு ஆண்டுகள். இந்தியக் கடல்களில் இன்று எஞ்சியிருப்பவை சில நூறே. இக்கணக்கில் ஒரு பெண் விலங்கின் இறப்பு ஒரு தலைமுறையின் இழப்பாகும்.

ஆவுளியாவுக்கு இறைச்சி வேட்டையாடுவோரால் நேர்ந்த கேடு பெரிது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றபின் வெளிப்படை விற்பனை அருகியது. இப்போதைய கேடு வேறு வகையானது. இவ்விலங்கு சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலெழுந்து மூச்சுவிட வேண்டும். திருக்கைக்காக விடும் பெருங்கண் வலையில் சிக்கினால் மேலெழ இயலாது மூழ்கி இறக்கிறது. வலை விட்டவர் அதனைக் கொல்ல எண்ணியவர் அல்லர். இழுவைமடியோ ஆவுளியாவைத் தொடாமலேயே அதன் உணவைப் பெயர்த்துவிடுகிறது.

படகு சொல்லும் செய்தி

சோழமண்டலக் கரையில் அலை உடைந்து விழும் ஊர்களில் கட்டுமரமும், பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகும் வழங்கின. அலையின் அறையைத் தாங்க வளைந்து கொடுக்கும் உடல் அவற்றிற்குத் தேவைப்பட்டது. பாக் விரிகுடாவின் அதிராம்பட்டினம் பக்கத்து வத்தை இதற்கு முற்றும் மாறானது. அடிப்பகுதி தட்டை, பக்கங்கள் ஏறத்தாழச் செங்குத்து, சட்டங்களை முதலில் நிறுத்தி, அவற்றின்மீது பலகை அறைந்து கட்டப்படுவது. இந்தியப் படகுகளை ஆராய்ந்து 1920இல் நூல் வெளியிட்ட ஜேம்ஸ் ஹார்னெல் இப்பகுதிப் படகுகளின் சமன் பலகையைக் கவனித்து எழுதியுள்ளார். படகின் குறுக்கே வைத்து வெளியே நீட்டிய நெடும்பலகை அது. பாய் காற்றில் சாயும்போது ஆட்கள் அப்பலகையின் நுனிக்கு ஏறிச்சென்று தம் உடல் எடையால் படகை நிமிர்த்துவர். ஆழமற்ற நீருக்குத் தட்டை அடியும், அடியில் எடை குறைந்ததால் நேரும் சாய்வுக்குச் சமன் பலகையும் பொருந்திய இவ்வடிவை, விரிகுடாவின் நீரியல்பைப் பதிவுசெய்த ஆவணமாகவே கொள்ளலாம். பொறியும் இழைக்கண்ணாடிப் படகும் வந்தபின் பாய் வத்தையைக் காண்பது அரிதாகிவிட்டது.

வலைகளின் பெயர்களும் இவ்வாறே பயன்தருவன. நண்டு வலை, திருக்கை வலை என்பன பிடிபடும் உயிரால் பெயர்பெற்றன. கரைவலை செயலிடத்தால் பெயர்பெற்றது. ஓலைவலையில் பனையோலைக் கீற்றுகளைக் கயிற்றில் கோத்து, அவற்றின் அசைவால் மீனை வெருட்டி வலைக்குள் ஒடுக்குவர். ஒரு வலையின் பெயரைக் கேட்ட அளவில் அதன் கண்ணளவு, விடும் ஆழம், பருவம் ஆகியவை அத்தொழிலார்க்கு விளங்கிவிடும். நெய்தற் பாடல்களுக்கு உரை காணும் நாம் ‘வலை’ என ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறோம்.

இங்கு ஓர் எடுத்துக்காட்டு கூறலாம். பட்டினப்பாலையில் பரதவர் சுறவின் கோட்டை நட்டு வழிபடும் காட்சி வருகிறது. அன்று அவர் கடலுக்குச் செல்வதில்லை. இச்செய்தியை வழிபாட்டு வரலாற்றுக்கான சான்றாகப் பலரும் எடுத்தாண்டுள்ளனர். ஆனால் சுறாவுக்குக் கொம்பு இல்லை. முகம் நீண்டு இருபுறமும் பல் வரிசையுடன் வாள்போல் அமைந்தது வேளா மீனுக்கே. அக்கோடு வேளாவினுடையது என்று கொள்வதே பொருத்தமெனத் தோன்றுகிறது. இதை முடிவாக்கக் கடற்கரை மக்களிடம் ஒரு சொல் கேட்டால் போதும். ஆயினும் வேளாவை வலையில் கண்ட மீனவர் இன்று முதியவராகவே இருப்பர். அம்மீனும் இப்போது ஆவுளியாவைப் போலவே முதல் அட்டவணையில் உள்ளது.

நாள்முறை

விசைப்படகுகளின் இழுவைமடி பரவியபின் பாக் விரிகுடாவில் சிறுதொழில் மீனவர்க்கும் விசைப்படகு மீனவர்க்கும் இடையே கடும் மோதல்கள் நிகழ்ந்தன. நாட்டுப்படகுகள் இரவில் விட்ட வலைகளை இழுவைமடிகள் அறுத்துச் சென்றதே முதன்மைக் காரணம். இதற்குப் பிறந்த தீர்வு ஏரிப்பாசன ஊராருக்கு நன்கு புரியும். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகள் செல்வது, ஏனைய நான்கு நாள் நாட்டுப்படகுகள் செல்வது என்னும் நாள்முறையே அது. ஏரியில் முறைநீர் பங்கிடுவது போன்றது. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகுகள் தொழில் செய்யக் கூடாதெனத் தடுத்தது. அச்சட்டத்தின் கோடு வரைபடத்தில் உள்ளது. நாள்முறை மீனவர் சங்கங்களின் நினைவில் உள்ளது. மீறல்கள் இரண்டிலும் நிகழ்கின்றன. எனினும் நாள்முறையை மீறியவர் தம் கரைக்கே திரும்பி வர வேண்டும் என்பதால் அதன் பிடி வலுவானது. சோழமண்டலக் கரை மீனவர்களின் இத்தகைய ஊர்க்கட்டுப்பாடுகளை நெதர்லாந்து அறிஞர் மார்டன் பவிங்க் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இம்முறையின் எல்லையையும் சொல்ல வேண்டும். அது தமிழகக் கரையின் இருசாராருக்கிடையே எழுந்தது. மறுகரைச் சிறுதொழில் மீனவர் அதில் தரப்பினர் அல்லர். போருக்குப்பின் கடலுக்குத் திரும்பிய வடஇலங்கைத் தமிழ் மீனவரின் வலைகளை நம் கரையின் இழுவைமடிகள் அறுத்தபோது, அவர்க்கு ஒதுக்க எந்த நாளும் எஞ்சியிருக்கவில்லை. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. தமிழில் இச்சிக்கலைப் பேசும் எழுத்துகள் பெரும்பாலும் எல்லைக் கோட்டையும் கைது நடவடிக்கைகளையும் பேசுகின்றன. மடியையும் புல்லையும் பேசுவன மிகக் குறைவு.

வாரியத்தில் அமர்வோர் யார்?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதற்பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. 30 குடும்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டோரில் ஆறு பேர் ஏரி வாரியத்தில் அமர்ந்தனர். யார் அமரலாம், யார் அமரக் கூடாது என்பதைத் தகுதி, தகுதியின்மை என அக்கல்வெட்டு விரித்துரைக்கிறது. இதனை இன்றைய மக்களாட்சியின் முன்வடிவாகப் போற்றுவது எம் வட்டாரத்தில் வழக்கம். அப்போற்றுதலில் கட்டுரையாளருக்கு முழு உடன்பாடு இல்லை. அது நிலமுடைய பிராமணர் சபை. ஏரியைத் தூர்வாரியவரும் அதில் மீன் பிடித்தவரும் குடவோலையில் இல்லை. ஆயினும் ஒன்றை அக்கல்வெட்டு தெளிவாக்குகிறது. பொதுநீரைக் காப்பது என்பது முதலில் ‘யார் அமர்வது’ என்னும் வினாவே.

சாலவாக்கத்திற்கு அண்மையில் உள்ள வேடந்தாங்கல் மற்றொரு சான்று. ஏரியின் மரங்களில் கூடு கட்டும் பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரப் படையினரைக் குறித்து ஊரார் முறையிட, செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798இல் அவ்வூராரின் காப்புரிமையை ஏற்றுக் கவுல் வழங்கினார். பறவையின் எச்சம் ஏரிநீரை உரமாக்கும். அந்நீர் வயலுக்குப் பாயும். காப்பவரும் பயன்பெறுபவரும் அங்கு ஒருவரே.

விரிகுடாவில் இவ்விரண்டும் பிரிந்து கிடக்கின்றன. ஆவுளியா மேய்ச்சலால் புல் புதிதாகத் துளிர்ப்பதும், புல்லால் இறாலும் நண்டும் பெருகுவதும் உண்மையே. ஆனால் வலையை வெட்டி ஆவுளியாவை விடுவித்த மீனவரின் படகிற்கே அந்த இறால் வந்து சேரும் என்பதற்கு உறுதி இல்லை. அவருக்கு உறுதியானது வலையின் இழப்பு. இதை உணர்ந்தே வனத்துறை, ஆவுளியாவை உயிருடன் விடுவித்த மீனவர்க்குப் பாராட்டும் ஊக்கத்தொகையும் அளித்து வருகிறது. விடுவிப்புகள் நிகழ்வதும், அவை செய்தியாவதும் இவ்வேற்பாட்டின் பயன் எனலாம்.

2022ஆம் ஆண்டு அறிவிப்பு அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரையான கடற்பரப்பைத் தழுவியது. அதன் சட்ட அடிப்படை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஏ பிரிவு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா போன்றதன்று இது. அங்கு நுழைவே கட்டுப்பாட்டுக்குரியது. இங்கு மீன்பிடித் தொழில் தொடரலாம். உள்ளூர் மக்களைக் கலந்தே அறிவிக்க வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. நிலக்காட்சியோடு கடற்காட்சியையும் பெயர்சொல்லிக் காப்பது அதன் மற்றொரு சிறப்பு.

அடுத்த பிரிவான 36பி மேலாண்மைக் குழுவை அமைக்கிறது. அக்குழுவில் வனத்துறைச் சார்பாளர் ஒருவர், எல்லைக்குட்பட்ட ஒவ்வொரு கிராம ஊராட்சியின் சார்பாளர், வனவிலங்குப் பாதுகாப்பில் ஈடுபட்ட தன்னார்வ அமைப்புகளின் சார்பாளர் மூவர், வேளாண்மைத் துறையிலிருந்தும் கால்நடைத் துறையிலிருந்தும் ஒவ்வொருவர் இடம்பெறுவர். பட்டியல் இவ்வளவே. மீன்வளத் துறை இதில் இல்லை. மீனவர் சங்கமும் இல்லை. முந்தைய பிரிவு கடலை நினைத்தது. இப்பிரிவு காட்டோரத்து வயலையும் மேய்ச்சல் மாட்டையும் மட்டுமே நினைத்தது. கிராம ஊராட்சியின் வழியாக மீனவர் வரலாமே எனலாம். ஆனால் கடற்கரை ஊர்களில் தேர்தலால் அமையும் ஊராட்சி வேறு. கடலில் நாளையும் வலையையும் முடிவுசெய்யும் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து வேறு. வலைக்கண் அளவைக் கட்டுப்படுத்தும் ஒரு முடிவு பின்னதன் ஒப்புதலின்றிக் கரையைத் தாண்டாது. குழுவை அமைக்கும் ஆணையில் மீனவர்க்கு இடம் தருவது அரசின் விருப்பத்தைப் பொறுத்தது. சட்டத்தைத் திருத்தி அதனை உரிமையாக்குவதே முறை என்பது கட்டுரையாளரின் கருத்து.

கரைக்குச் செல்லும் காலம்

மனோராவில் பன்னாட்டுக் கடற்பசு பாதுகாப்பு மையம் அமைக்கத் தமிழ்நாடு அரசு முடிவுசெய்துள்ளதால் இக்கரைக்கு வருவோர் தொகை கூடும். வருவோர் ஆவுளியாவைக் காண்பது அரிது. அது கூச்சமிக்கது, மூச்சுவிட மூக்கை மட்டும் நீட்டி மறைவது. அதைத் தேடிப் பொறிப்படகில் புல்வெளிமீது திரிவது புல்லையும் கிழிக்கும், விலங்கையும் விரட்டும். இராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டில் வனத்துறை உள்ளூர் மக்களோடு இணைந்து கண்டல் காட்டிடையே நடத்தும் படகுச் சுற்று இதற்கு நல்ல மாற்று. வடகோடியில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும், பூநாரைகள் வந்திறங்கும் கோடியக்கரையும் உள்ளன. கோடியக்கரை 2002இல் ராம்சர் ஈரநிலமானது. பறவைக்காகச் செல்வோர் வாடைக்காலத்தைத் தேர்வர்.

ஆய்வு மாணவர்க்கு ஏற்ற காலம் வேறு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும். வலைகள் விரித்து முடையப்படும். கடலில் இருக்கும்போது பேச நேரமில்லாதோர் நிழலில் அமர்ந்திருப்பர். நாட்டுப்படகுகள் அப்போதும் தொழிலுக்குச் செல்வதால் இருசாராரையும் ஒரே கரையில் காணலாம். வலைப்பெயர், கண்ணளவு, விடும் ஆழம், காற்று, நாள்முறையில் அவரவர்க்குரிய நாள், ஆவுளியா சிக்கியபோது வெட்டிய வலையின் விலை, அதனை ஈடுசெய்ய எத்தனை நாள் பிடித்தது என்பன ஊர்தோறும் குறிக்கத்தக்கவை. இவற்றுள் இறுதி இரண்டையும் கேட்கும்போது விடை உடனே வருவதில்லை. வலையை முடைந்துகொண்டிருக்கும் கை முதலில் நிற்கும். பின்பே கணக்கு தொடங்கும்.